பேச்சில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. அங்கே என்ன நல்லா இருக்கப் போகுது. இதை வக்கீலம்மா கையில குடுத்தனுப்பறேன். ஜெயில் ஆபீஸ்ல பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களாம், மனசுல இருக்கறதை எழுதுங்க.

பாப்பா என்கிட்டதான் இருக்கா. பள்ளிக்கூடத்துல யாரும் அவ பக்கத்துல உட்கார்றதில்லையாம். "நல்லதுதான் அத்தை, பெஞ்சு முழுக்க எனக்குத்தான்"னு சொல்லிட்டு, சாப்பிடாம எழுந்து போயிட்டா. அண்ணன் வீட்டுக்கே வர்றதில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி நீங்க மார்க்கத்தை விட்டுட்டதா தீர்ப்பு வந்தா நிக்காஹ் முறிஞ்சிடும்னு பள்ளிவாசல் கமிட்டியில சொன்னாங்களாம். லாரி ஷெட்லயே படுத்துக்கறார். தாடியும் அழுக்குச் சட்டையுமா அவரைப் பார்க்கச் சகிக்கலை.

வக்கீலம்மா ஒரு வழி சொல்றாங்க. பிள்ளையை அடக்கம் பண்ணின அன்னைக்கு உங்களுக்குப் புத்தி சுவாதீனம் இல்லைன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டா, மார்க்கத்தை அவமதிச்ச கேஸ் நிக்காதாம். சரின்னு சொல்லுங்க அண்ணி. உங்க கால்ல விழறேன்.

உங்க கோந்து

மார்ச் 11

என் கோந்துக்கு,

நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து என் முந்தானையில ஒட்டிக்கிட்டவள்னு வச்ச பேர். இந்த நேரத்துலயும் அதையே எழுதிக் கையெழுத்துப் போடற பாரு! சிரிச்சுட்டேன். கூட இருக்கற பொம்பளைங்க திரும்பிப் பார்த்தாங்க. அவங்க என் தட்டைத் தொடறதில்லை. ஒருத்தி புருஷனை வெட்டிட்டு வந்தவ. அவளே என்னைக் கண்டா ஒதுங்கறா.

பைத்தியம்னு எழுதிக் குடுக்க மாட்டேன். பைத்தியக்காரி கையில குழந்தையை யார் விடுவா? காய்ச்சல்ல மகன் போயிட்டான். மகளை நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?

நான் பேசினப்போ நீயும் மாடி வீட்டு அக்காவும்தான் பக்கத்துல இருந்தீங்க. "அவன் நாட்டம், பொறுத்துக்கோ"ன்னு அந்தக்கா சொன்னாங்க. "குடுத்துட்டுப் பிடுங்கறவன்கிட்ட இனி எனக்குப் பேச்சில்லை"ன்னேன். அவ்வளவுதான். அந்தக்கா மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க வீட்டுக்காரர்கிட்ட வருத்தமாத்தான் சொல்லியிருப்பாங்க. அவர்தான் பள்ளிவாசல் வரைக்கும், போலீஸ் வரைக்கும் கொண்டுபோனார்.

அல்லாஹ் இல்லைன்னா சொன்னேன்? இல்லாதவன்கிட்ட யாராவது பேச்சை நிறுத்துவாங்களா? அவன் கேட்டுக்கிட்டு இருக்கான்னு நம்பித்தானே சொன்னேன்.

உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, காதுல விழலைன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கோ. பாப்பாவுக்கு நீ வேணும்.

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். நம்ம பிள்ளைக்கு ஜனாஸா தொழுகை நடத்தினவர்தானே, மனசு இளகும்னு நினைச்சேன். இளகத்தான் செஞ்சுது. கதவைச் சாத்திட்டுப் பேசினார். "துக்கத்துல தாறுமாறா வர்ற வார்த்தையை அல்லாஹ் பிடிச்சு வச்சுக்க மாட்டான்மா. அப்படியே குத்தம்னாலும் மனசு திருந்தி மன்னிப்புக் கேட்டு தவ்பா செஞ்சா முடிஞ்சுது. தவ்பா செல்லாதுன்னு சொல்ற பெரியவங்களும் இருக்காங்க. ஆனா அது வேணும்னே அவமதிச்சவனுக்கு"ன்னார்.

"இதையே கோர்ட்டுல வந்து சொல்லுங்க ஹஜ்ரத்"னேன்.

எழுந்து போய்ச் சாத்தின கதவைத் திறந்து விட்டார். "எனக்கும் பொண்ணுங்க இருக்காங்கம்மா."

கோபமாத்தான் வெளியே வந்தேன். செருப்பு மாட்டும்போது தோணுச்சு, நானும் எனக்குப் பதிலா பேச ஆள் தேடித்தானே வந்தேன்னு.

குர்ஆன் மேல கை வச்சுக் காதுல விழலைன்னு சொல்ல எனக்கு வராது அண்ணி. நான் வேலை பார்க்கற மருந்துக்கடை முதலாளிக்காக "ஸ்டாக் இல்லை"ன்னு சொல்லிட்டு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. நீங்க சொன்னதைச் சொல்லத்தான் போறேன். அன்னைக்குச் சாயங்காலமே பாயை விரிச்சு, ஸஜ்தாவுல நெத்தியை வச்சபடி எழுந்திருக்காம அழுதீங்களே, அதையும் சொல்வேன். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

உங்க கோந்து

ஏப்ரல் 22

என் கோந்துக்கு,

நானும் பாப்பாவும் புது ஊருக்கு வந்து சேர்ந்துட்டோம். ஒரு அறை, ஒரு ஜன்னல். வக்கீலம்மாவே ஒரு தையல் கடையில சொல்லி வச்சிருக்காங்க, காலர் தைக்கற வேலை. மறுபடி நிக்காஹ் செஞ்சுக்கலாம்னு சொல்லியனுப்பின உன் அண்ணன் இன்னும் வரலை. வர மாட்டார்.

நீ சாட்சி சொன்னப்போ வெளியே கூட்டம் கத்தறது உள்ளே வரைக்கும் கேட்டுது. "அவங்க மார்க்கத்தை விட்டவங்க இல்லையா?"ன்னு எதிர் வக்கீல் மிரட்டினார். "விட்டவங்க ஸஜ்தாவுல ஏன் விழணும்?"னு கேட்டியே. அதுக்கப்புறம்தான் தவ்பா செஞ்சா விட்டுடறேன்னு ஜட்ஜ் ஒத்துக்கிட்டார். உன் வேலை போனதும், ஜன்னல் கண்ணாடி போனதும் அதுக்காகத்தான்னு தெரியும். அதனாலதான் இதை உன்கிட்ட மறைக்க முடியலை.

மார்க்கத்துக்குத் திரும்பிட்டேன்னு காட்ட என்னைக் கலிமா சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். காதுல விழலைன்னாங்க. மறுபடி சொன்னேன். பின்னாலேருந்து ஒருத்தன் "இன்னும் சத்தமா"ன்னான். பாப்பா முகத்தை நினைச்சுக்கிட்டுக் கத்தினேன். அம்மா மடியில உட்கார்ந்து கத்துக்கிட்ட வார்த்தை அது. அன்னைக்கு அது போலீஸ் நீட்டின காகிதத்துல வைக்கற கைநாட்டு மாதிரி ஆயிடுச்சு.

இங்கே வந்த அன்னைக்கே பாயை விரிச்சு உட்கார்ந்தேன். அழலாம்னு பார்த்தேன், திட்டலாம்னு பார்த்தேன். ரெண்டும் வரலை. எதிர்ல யாரும் இல்லை கோந்து. சும்மா ஒரு சுவர். என் மேல போட்ட குத்தம் அப்போ பொய். இப்போதான் உண்மையாச்சு.

உனக்கு மட்டும்தான் இது தெரியும்.

அண்ணி

ஏப்ரல் 30

அண்ணிக்கு,

படிச்சேன். அடுப்புல போட்டுட்டேன்.

அழுது முடிச்சுட்டுத்தான் எழுதறேன். உங்களுக்காக துஆ கேக்கறேன். நீங்க வேண்டாம்னாலும் கேப்பேன், அதுல மட்டும் உங்க பேச்சைக் கேக்க மாட்டேன்.

மாடி வீட்டுக்காரர் அப்பீல் போட்டிருக்கார். மறுபடி என்னைக் கூப்பிடுவாங்க. "அதுக்கப்புறம் அவங்க உனக்கு ஏதாவது எழுதினாங்களா?"ன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்னு உங்களுக்கே தெரியும். அதனால சம்மன் வர்றதுக்குள்ளே நான் கிளம்பறேன். அண்ணன்கிட்டயும் சொல்லலை. உங்க விலாசத்தை வக்கீலம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். நீங்களும் வீடு மாறிடுங்க. எங்கேன்னு எனக்குச் சொல்லாதீங்க. இனி எழுத வேண்டாம் அண்ணி.

பாப்பாவுக்கு பெனிசிலின் ஒத்துக்காது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைச் சொல்லிடுங்க.

உங்க நாத்தனார்