கும்பகர்ணன் போன்

என்னங்க,

மருந்து விற்கப் போகிற ஊர்களில் எனக்குக் கிடைக்கும் வாடகைக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே உங்களுக்குக் கொட்டாவி வரும். இந்த ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள்.

திங்கட்கிழமை கிடைத்த வெள்ளைக் காருக்கு மேடு ஏறவே மூச்சு வாங்கியது. நேற்றைய சிவப்புக் காரில் பிரேக்கைத் தொட்டாலே தூக்கிப்போட்டது. இன்றைக்கு இந்த ஊரில் கிடைத்த சாம்பல் நிறக் கார் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் சாவியைத் திருப்பியதுமே திரையில் ஒரு கேள்வி: “கும்பகர்ணன் போனை மறுபடி இணைக்கவா?”

உங்கள் குறட்டைக்காக உங்கள் போனுக்கு நான் வைத்த பெயர். இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை என்றீர்களே!

அதே திரையில், வழிகாட்டும் மேப்பில் ‘வீடு’ என்றிருந்ததை அழுத்தினேன். நீலக் கேட் போட்ட ஒரு வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

“அவர் டூர் போயிருக்காரே, நீங்க யாரு?” என்றாள் கதவைத் திறந்தவள்.

“குறட்டை விடுவாரா?” என்று கேட்டேன். அழுதுவிட்டாள்.

அவள் மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் ஆபீஸில், எல்லார் முன்னாலும், அவளே இதை உங்கள் கையில் கொடுப்பாள். நிமிர்ந்து பாருங்கள். நான் வாசலில் காரில் இருப்பேன், உங்களை ஏற்றிக்கொள்ள அல்ல, அவளைக் கூட்டிப்போக.

காரில் ‘வீடு’ என்றிருந்ததை அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் பெரிய வீடு