வாளிக்குள் ஒரு கடல் பூ

என் இடது கை விரல்களில் டிங்சர் வாசனை. நாளைக்கு வேண்டும் என்று வாங்கி வந்த புட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும்போது மூடி கழன்று சிந்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் பழுப்பு நிற்கிறது. அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தேன். இந்த வாசனை வந்தால் நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கியாகிவிட்டது. முன்னால் நீல பிளாஸ்டிக் வாளி. வாளியில் கடல் தண்ணீர், அதற்குள் உன் மாமா தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த கல். கல் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள். பூ என்று நாம் சொல்லுவோமே தவிர அது பூ இல்லை. பவளத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வெளிச்சம் பட்டால் விரியும், தொட்டால் மூடிக்கொள்ளும். தண்ணீரில் காற்றுக் கலக்க ஏர் பம்பு வைத்தால் அந்தச் சத்தத்தில் அப்பா எழுந்துவிடுவார். அதனால் டம்ளரால் மொண்டு மொண்டு அதே வாளியில் ஊற்றுகிறேன். நடு நடுவே எழுதுகிறேன். பத்தாவது பரீட்சை முடியும்வரை உங்கள் வீட்டு மீன் தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். தொட்டியில் வைக்க வேண்டிய கல் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகுமோ. அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கிறாள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

உன் அப்பாவோடு நாம் கடல் தண்ணீர் கொண்டுவரப் போவோமே, ஆவடியில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷன், அங்கிருந்து பஸ்ஸில் காசிமேடு. திரும்பும்போது கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில்தான் ஏறுவோம். ஒரு தடவை கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா உன் அப்பாவைப் பார்த்து, “இன்னா நைனா, பொம்பளப் புள்ளைங்கள இட்டுகினு கேன்ல சரக்கு கடத்துறியா?” என்றாள். உன் அப்பா கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீதான் பதில் சொன்னாய், “சரக்கு இல்லக்கா, கடலு. வீட்டுக்குக் கொண்டுபோறோம்.” அவள் கொஞ்சமும் சிரிக்காமல், “முழுசா எட்துகினு பூடாத கண்ணு, எங்க பொழப்புக்குக் கொஞ்சம் மிச்சம் வையி” என்றாள். அம்பத்தூர் வரும்வரை நீ சிரித்தாய். சிரித்ததில் உனக்கு மூச்சு வாங்கியது. கேன் தூக்குவது எப்போதும் நான்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தைக் கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். நீ அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. கேனைத் தூக்கினால் எனக்குக் கை வலிக்குமா என்று மட்டும் கேட்பாய்.

உன் மாமா கொண்டுவந்த முதல் கல்லை நாம் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தொட்டியில் வைத்துவிட்டோம். அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொஞ்ச நாளில் பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு திறக்கவே இல்லை. தொட்டியில் ஏற்கெனவே இருந்தவையும் அப்படியே சுருங்கிப்போயின. தண்ணீர் கெட்டுவிட்டது என்றேன் நான். நீ நம்பவில்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாய். ஒரு பூ மெதுவாக நகர்ந்து போனது. ஓடில்லாத நத்தை மாதிரி ஒரு பூச்சி. தின்ற பூவின் நிறத்தையே தன் முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. பூவுக்கு இருப்பது போலவே ஓரமெல்லாம் குஞ்சம்.

அடுத்த தடவை வந்த உன் மாமாவிடம் சொன்னோம். சங்கு குளிக்கப் போகிறவர், அவருக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. கடல் பூச்சிக்கு நல்ல தண்ணீர் ஆகாது, கல்லை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள், பூ மூடிக்கொண்டு தாங்கிவிடும், பூச்சி தாங்காது என்றார். பூவில் விஷம் உண்டு, கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடக் கூடாது என்றும் சொன்னார். தண்ணீரில் நாலு சொட்டு டிங்சர் சேர்த்தது உன் யோசனை. முக்கி எடுத்தபோது பூச்சிகள் சுருண்டு உதிர்ந்தன. தீர்ந்தது என்று நான் கல்லைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லைத் திருப்பிக் காட்டினாய். அடியில் சளி போலச் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. முட்டை. அதை எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்யவில்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தோம். கல்லின் பொந்துக்குள் இருப்பதை எந்த பிரஷால் தேய்க்க முடியும்?

“சுத்தமா இருக்குன்னு சொல்லாதட்டி. சுத்தமாத் தெரியுதுன்னு சொல்லு” என்றாய்.

அன்றிலிருந்து புதுக் கல் எது வந்தாலும் முதலில் தனி வாளிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு முக்கு. பொரித்து வருவது அடுத்த ஞாயிறு சாகும், அதற்கும் தப்பியது அதற்கடுத்த ஞாயிறு. நாள் மறந்துபோகாமல் இருக்க நீ பூசையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாய். நான் உங்கள் கேட்டில் காத்திருப்பேன். நீ தலையில் முக்காட்டோடு அப்படியே வந்து வாளி முன்னால் உட்காருவாய். உடுப்பை மாற்றிவிட்டு வாயேன் என்று உன் அம்மா உள்ளேயிருந்து கத்துவார்.

ஒரு தடவை உன் அப்பாவின் ஆபீசர் தொட்டியைப் பார்க்க வருகிறார் என்று, மூன்றாவது ஞாயிறு வருமுன்பே கல்லை உள்ளே வைக்கச் சொன்னார்கள். நீ தொட்டிக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டு, “வாளியில பாக்கச் சொல்லுங்கப்பா” என்றாய். அந்தப் பெரிய மனிதர் பேன்ட் கசங்கக் குந்தி வாளியில்தான் பார்த்துவிட்டுப் போனார். நானாக இருந்தால் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வைத்திருப்பேன். யார் எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுகிறவள் நான். உனக்குத் தெரியும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் நினைவுப் பூசைக்காக மாமா ஒரு வாரம் முன்னாலேயே இந்தக் கல்லோடு வந்தார். அந்த ஞாயிறு அப்பாவுக்குத் தெரியாமல் உங்கள் வீட்டுக்கு வந்து முதல் முக்கு முடித்தேன். உன் நினைவுப் பூசை அடுத்த ஞாயிறு. அன்று இரண்டாவது முக்கு முடித்து வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து, கல்லைத் தொட்டியில் வை என்றார். உன் போட்டோவுக்குக் கீழேதான் இப்போது தொட்டி இருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் பார்க்கும்போது அதில் புதுப் பூ விரிந்திருக்க வேண்டுமாம். நான் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொட்டியில் இருப்பதெல்லாம் நீ காப்பாற்றி வைத்த பூக்கள். அதுவும் போய்விட்டால் உன் அம்மாவுக்கு வேறு என்ன இருக்கிறது? அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“பெத்தவ நான் சொல்லுதேன், வைட்டி” என்றார்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வரிசை வீடுகள் தாண்டும்வரை தண்ணீர் என் காலில் சிந்திக்கொண்டே வந்தது. யாரும் பின்னால் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த வாரம் முழுக்க உன் அம்மா கண்ணில் படவில்லை. நேற்றுத் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் அம்மாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், “அது உயிரோட இருக்கா?” அம்மா வந்து சொன்னதும் குளியலறைக்குள் போய் அழுதேன். அதுவரை அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். உன் அம்மாவும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

நாளைக்கு மூன்றாவது ஞாயிறு. முக்கி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் இன்றைக்கு டார்ச் எடுத்தேன். வெளிச்சத்துக்குப் பூச்சி ஒளிந்துகொள்ளாமல் இருக்க, உங்கள் கிறிஸ்துமஸ் ஸ்டாரின் சிவப்புத் தாளை டார்ச்சின் முகத்தில் கட்டியிருக்கிறேன். பூக்கள் எல்லாம் மூடியிருந்தன. இரண்டு பூக்களுக்கு நடுவே கடுகளவு ஏதோ அசைந்தது. முதுகில் அதே பச்சை, அதே குஞ்சம்.

ஒன்று கண்ணில் பட்டாலும் மறுபடி முதல் ஞாயிறு என்பாய். இதைப் பார்த்தது நான் மட்டும்தான். பார்க்காதது போல இருந்துவிட்டால் நாளைக்கே உன் அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம், அப்பாவிடம் மாட்டிக்கொள்ளாமலும் தப்பிக்கலாம். டம்ளரால் இன்னும் நாலைந்து தடவை மொண்டு ஊற்றினேன். பிறகு அதை எடுத்து நசுக்கினேன்.

நாளைக்குப் பூசை முடிந்து உன் அம்மா வரும் நேரத்துக்கு உங்கள் கேட்டில் வாளியோடு நிற்பேன். உயிரோடு இருக்கிறது என்று முதலில் சொல்வேன். பூச்சி இருந்தது, இன்னும் மூன்று ஞாயிறு ஆகும் என்று அடுத்தது சொல்வேன். திட்டினால் திட்டட்டும். இந்தத் தடவை ஓடிவர மாட்டேன். உன் அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கல்லை அவர் கையிலேயே கொடுத்து முக்கச் சொல்லப் போகிறேன். அடியில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவேன்.

என் பயம் போகவில்லை. பயப்படாதே என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை, அதுவே எனக்குப் பெரிய உபகாரம். கை நடுங்கினாலும் கல்லை நழுவவிடாமல் பிடிப்பது எப்படி என்றுதான் காட்டினாய். மாட்டேன் என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது அதில் உன் குரல் இருந்தது. உன் அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு யாரையும் என் பின்னால் அனுப்பவில்லை.