ஸ்பேர் சக்கரத்தில் படித்த எண்

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் புதர் மூடிக் கிடக்கிறதே நீ ஓட்டிய பழைய பட்டாளத்து லாரி, அதை வாங்கிப் புதுப்பிக்கப் போவதாக ஈப்போ டவுனிலிருந்து ஒருவர் போன வாரம் வந்தார். டயர், டியூப் விவகாரத்தை என்னிடம் கேட்கச் சொல்லித் தோட்டத்துத் துரையே அழைத்து வந்தார். கொண்டுவந்த பெட்டியை அவர் திறந்ததும் புது டியூபின் ரப்பர் வாசனையும் அதில் தூவிய பவுடர் வாசனையும் மூக்கில் ஏறின. எனக்கு உன் காக்கிச் சட்டைதான் ஞாபகம் வந்தது. அதில் ஒட்டியிருந்த அந்தப் பவுடரைப் பார்த்துத்தானே உன்னைத் திருடன் என்று முடிவு கட்டினேன்.

என் புத்தி உனக்குத் தெரியும். கணக்கெழுதும் ஸ்டோர் கிராணியாகிச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து, ஒருவன் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்றுதான் யோசிப்பேன். நீயும் நானும் ஒரே தோட்ட லயத்தில் பிறந்தவர்கள் என்பதெல்லாம் அந்தப் புத்திக்கு உறைக்கவில்லை.

நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. கடைக்காரர் புதுசு என்று நீட்டும் டயரை வளைத்துப் பார்ப்பாய், பக்கவாட்டில் நகத்தால் கீறிப் பார்ப்பாய். "பளபளன்னு இருக்குன்னு நம்பிறாத, கிராணி. பட்டாளத்து டயரு எத்தனை வருஷம் கிடங்குல தூங்குச்சோ, யாருக்குத் தெரியும்லா" என்பாய். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த லாரியில்தான் மேல்மலைக்கு ஏறுவார்கள். என் மனைவியும் அதில்தான் போவாள். நீ டயரைச் சந்தேகப்பட்டாய், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

நான் கொடுத்த டியூப்களின் காற்று வாயில் கறுப்பு மூடி இருந்தது. லாரியின் சக்கரங்களிலோ பித்தளை மூடி. கேட்டதற்கு, "எங்கயோ மாறிப் போச்சுடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ சாக்குடன் பஸ் ஏறியபோது நானும் பின்னால் ஏறினேன். ரிங்லெட் டவுனில் காய்கறிக் கடை மறைவில் நின்று, நீ டயர் கடைக்குள் போவதையும் சட்டையெல்லாம் பவுடராகச் சிரித்துக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்தேன். புதுசை விற்றுவிட்டுப் பழசை மாட்டுகிறான் என்று மறுநாளே துரையிடம் சொன்னேன்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?" என்று துரை உன்னைக் கேட்டார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "இல்லங்க தொரை" என்று லாரிச் சாவியை வைத்துவிட்டுப் போனாய். உன்னைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள்.

புது டிரைவர் என் ஸ்டோர் டியூப்களையே மாட்டினான். மூன்றாம் நாள் மேல்மலை வளைவில் முன் டயர் வெடித்தது. லாரி மலைப்பக்கம் சாய்ந்ததால் பிழைத்தார்கள். மறுபக்கம் பள்ளம். என் மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்தது.

டயரைக் கழற்றினால் உள்ளே டியூப் மடிந்து, மடிப்பிலேயே தேய்ந்து கிழிந்திருந்தது. டயருக்கு டியூப் பெரிசு. ரிங்லெட் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், உங்கள் தோட்டத்து டிரைவர் பெரிசைக் கொடுத்துச் சரியான அளவை வாங்கிப் போவாரே, இப்போது ஏன் வரவில்லை என்று கேட்டார். ஒன்றுக்கு ஒன்று மாற்றியிருக்கிறாய், அவ்வளவுதான்.

டியூப் வாங்க எழுதிப்போட அளவு பார்த்தவன் நான். ஓடும் நான்கு சக்கரங்களிலும் சேறு அப்பியிருந்தது. குனிந்து துடைக்கச் சோம்பல்பட்டு, மேலே சுத்தமாக மாட்டியிருந்த ஸ்பேர் சக்கரத்தின் எண்ணை எழுதிக்கொண்டேன். அது வேறொரு பெரிய பட்டாளத்து லாரியின் டயர். ரிம் மட்டும் ஒரே அளவு என்பதால் யாருக்கும் தெரியவில்லை, உன்னைத் தவிர.

உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். "ஏன்டா தொரைகிட்ட சொல்லல?"

"சொன்னா ஒன் வேல போயிரும். வேல போனா வீடும் போயிரும். புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்கடா போவ? நாலு நாள்ல தொரை கோவம் ஆறிரும்னு நெனச்சேன். அத விடு, அவளுக்குத் தோள் எப்படி இருக்கு?"

நான் துரையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. டியூப் கிடங்கிலேயே பழசாகிப் போனது என்று எல்லோரும் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இந்த மழைக்காலத்துக்கு முன் நீ கண்ணை மூடும்வரை புல்தான் வெட்டினாய். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

ஈப்போக்காரரும் முன்பொருமுறை லாரியைப் பார்க்க வந்தபோது ஸ்பேர் சக்கரத்தைப் பார்த்துத்தான் டியூப் வாங்கி வந்திருந்தார். பெட்டியில் எண்ணைப் பார்த்ததுமே, "இது சேராதுங்க" என்றேன்.

"எப்படி அங்கிள் உடனே கண்டுபிடிச்சீங்க?"

இவர் எதையோ தோண்டத்தான் வந்திருக்கிறாரோ என்று அப்போதும் என் புத்தி போனது. துரை பக்கத்திலேயே நின்றார். "இதே தப்ப நான் செஞ்சேங்க. பழிய என் கூட்டாளி சுமந்தான்" என்றேன்.

"எந்தக் கூட்டாளி?" என்றார் துரை.

உன் பெயரைச் சொன்னேன். ஸ்டோர் சாவியையும் எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. லாரியின் பக்கம் திரும்பினார். "அவன் நல்லா ஓட்டுவானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நீ மாட்டிய டியூபின் பித்தளை மூடி ஒன்று என் சாவிக்கொத்தில் கிடக்கிறது. இப்போதெல்லாம் எந்த வண்டியில் ஏறினாலும், முழங்கால் வலித்தாலும், முதலில் குனிந்து டயரைத் துடைத்து எண்ணைப் படிக்கிறேன். அன்றைக்கு ஒரு தடவை குனிந்திருந்தால் போதும்டா, கடைசிவரை நீ லாரி ஓட்டியிருப்பாய்.