செடிகளைச் சின்ன அறைக்கு மாற்றினேன்

அகமதி, குவைத்
25-1-1976

அன்புள்ள ஷியாமளாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாய் என்று மாமா எழுதியிருந்தார். அவர் கடிதத்தின் அடியில் உன் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவசரமில்லை. எழுதத் தோன்றும்போது எழுது.

இந்த வருஷக் குளிர் ஒரு நிலையில் இல்லை. காலையில் கண்ணை மறைக்கும் பனி. மத்தியானம் சட்டையைக் கழற்றச் சொல்லும் வெயில். சாயங்காலம் வடக்கேயிருந்து ஊசி மாதிரி காற்று. உன் செடிவீட்டை வைத்துக்கொண்டு நான் திண்டாடிப் போனேன். நீ செய்வதை நின்று வேடிக்கை பார்த்தவன்தானே நான்! மாயவரத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றி நீ கொண்டுவந்த வெற்றிலைக் கணுக்கள் இந்த ஊர் மண்ணில் பிடிக்குமா என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

டூட்டி முடிந்து வந்ததும் பாலிதீன் கூரைமேல் சாக்கும் பழைய கம்பளியும் போர்த்தி, மண்ணெண்ணெய் ஹீட்டரை ஏற்றுவேன். புகை பட்டு இலை பழுக்கக்கூடாது என்று நீ சொல்வாயே, அதனால் மேலே ஒரு இடுக்கு விட்டுவைப்பேன். காலையில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒருநாள் ஆபீஸ் அவசரத்தில் கதவைத் திறந்து வைக்காமல் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்தெல்லாம் தொங்கிவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு நெய்னா பாய் இரண்டு தார் டிரம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தண்ணீர் நிரப்பிச் சுவர் ஓரமாக வைத்தேன். பகல் வெயிலில் சூடேறி, இருட்டின பிறகும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதன் பிறகு கொஞ்சம் நிம்மதி.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. வியாழக்கிழமை மழை பெய்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது படாரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வடக்குப் பக்கத்துப் பாலிதீன் முழுக்கக் கிழிந்து காற்றில் கொடி மாதிரி பறக்கிறது. ஹீட்டர் கவிழ்ந்து அணைந்து கிடந்தது. நெருப்புப் பிடிக்காதது தெய்வச் செயல். ஒரு ஓரத்தைப் பிடித்துக் கட்டினால் இன்னொரு ஓரம் கிழிகிறது. சத்தம் கேட்டு நெய்னா பாயும் ரஹீமா பீவி அக்காவும் வந்துவிட்டார்கள். மல்லிகை கண்முன்னாலேயே துவண்டுபோனது. இனி இதைக் கட்டிப் பிரயோசனமில்லை தம்பி, இருக்கிறதை வீட்டுக்குள்ளே தூக்குவோம் என்றார் பாய்.

வெற்றிலைக் கொடியைக் குச்சிகளோடு சேர்த்து அலுங்காமல் தூக்கி ஹாலில் வைத்தோம். ஹாலுக்கு வெயிலே வராது என்பது உனக்குத் தெரியும். நம் படுக்கை அறையும் வடக்குப் பார்த்தது. தெற்கு ஜன்னல் உள்ள ரூம் ஏதும் இல்லையா தம்பி என்று அக்கா கேட்டார்கள். என் கண் சின்ன அறைப் பக்கம் போனது. பாய்க்குப் புரிந்துவிட்டது, கதவு பூட்டியிருப்பதை அவரும் பார்த்திருக்கிறார். வேண்டாம், எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவோம் என்றார். நான்தான் வேண்டாமென்று சாவியை எடுத்து வந்தேன்.

ஷியாமளா, சின்ன அறையைத் திறந்தேன். உன்னைக் கேட்காமல் திறந்தேன்.

நீ விட்டுப்போனபடியே எல்லாம் இருந்தது. உள்ளே நல்ல வெயில். நீ தைத்த மஞ்சள் திரையை விலக்கியதும் தொட்டில்வரை வெளிச்சம் விழுந்தது. தரையில் பேப்பர் விரித்துத் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். இடம் போதவில்லை. தொட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிடலாமா என்று பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா அவரைக் கண்ணால் அடக்கிவிட்டு, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தம்பி என்று என்னிடம் சொன்னார்கள். சுற்றிலும் செடிகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை என்று நீ ஊருக்குப் புறப்படும் முன் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று கையெழுத்துப் போடவும், வண்டி பிடிக்கவும், குழி தோண்டும் ஆளிடம் பேசவும் நான் ஒருவன்தானே இருந்தேன். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். அந்தக் கனம் எவ்வளவு என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை அந்த அறையில் ஈர மண் வாசனையில் உட்கார்ந்தபோது தாங்க முடியவில்லை. அக்கா சாப்பாடு கொண்டுவந்து, நான் இருந்த நிலையைப் பார்த்து, தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மல்லிகை பிழைக்கவில்லை. கறிவேப்பிலை தேறிவிடும். வெற்றிலையில் பாதி இலை கறுத்துவிட்டது. அடிக்கணுவைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. கருகியதை இப்போதே வெட்டலாமா, குளிர் போகட்டும் என்று விடலாமா? இதை மட்டுமாவது எழுது. மாமாவிடம் சொல்லி எழுதச் சொன்னாலும் சரி. அறையைத் திறந்தது உனக்குப் பிடிக்கவில்லையென்றால் அதையும் எழுது. நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆபீஸ் சேதுமாதவன் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறான். அவனிடம் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தனுப்புகிறேன். அங்கே மார்கழிக் குளிர் போயிருக்கும்; ஆனாலும் வைத்துக்கொள்.

மார்ச்சில் எனக்கு லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் உன்னைக் கூட்டிப் போகத்தான் வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நீயும் நினைக்க வேண்டாம். கொஞ்ச நாள் அங்கே உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு மட்டும் வா.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். உன் மனசு ஆற மாயூரநாதர் துணையிருக்கட்டும்.

என்றும் உன்,
உமாபதி