கப்பல்காரரைத் தேடிய வியாழக்கிழமைகள்

பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? பதிலில் அதை மட்டும் எழுதிவிட்டு நழுவிவிடாதே. போன் அப்பாவின் கட்டிலோரம் இருக்கிறது. நாம் பேசத் தொடங்கினால் "என்ன சொல்றான், எப்ப வர்றான்" என்று நடுவில் புகுந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நீ ஏற்பாடு செய்த நர்ஸம்மா நேற்று, வியாழக்கிழமை, வந்தார். அப்பா படுக்கையில் விழுந்த இந்த நான்கு வருஷத்தில் நான் மருந்துக் கடையைத் தாண்டிப் போனது நேற்றுதான். ஆவணக் காப்பகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால் பழைய பதிவேடு தள்ளுவண்டியில் வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டுதான் தருவார்களாம்.

நம் கொள்ளுத்தாத்தா எந்தத் துறைமுகத்தில் கப்பலேறி இங்கே வந்தார் என்று கேட்டிருந்தாய். துறைமுகம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வியாழனும் நர்ஸம்மாவை வரச் சொல்.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். நழுவவில்லை, பார்த்துக்கொள்.

என் மாமனார் ஏழு தலைமுறையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். ஜனவரியில் ஒருநாள் என் மகள் முன்னாலேயே "உங்க பக்கம் யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கொள்ளுத்தாத்தாவை ஊரே கப்பல்காரர் என்றுதான் கூப்பிடும், கடல் தாண்டி வந்தவர் என்று அளந்துவிட்டேன். அப்பா சொன்ன கதைதானே. இனி அதற்குக் காகிதம் காட்டியாக வேண்டும்.

நீ தேடு. நர்ஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் கிடைக்கும் வரைக்கும் வியாழன்தோறும் நர்ஸ் வருவார்.

உன் தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

தேடல் வடக்கே நகர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பழைய துறைமுகம் ஒன்றின் பயணிகள் பதிவேடுகள் மட்டும் காப்பகத்தில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. கொஞ்சம் பொறுமையாக இரு.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. வாசிப்பறையில் ஒரு வயதான வக்கீல் பதிவேட்டின் மேலேயே தலை வைத்துக் குறட்டை விடுகிறார். யாரும் அவரை எழுப்புவதில்லை. மத்தியானம் கேன்டீனில் டீ வாங்கிச் சூடாக இருக்கும்போதே முழுசாகக் குடிக்கிறேன். இதையெல்லாம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். வீட்டில் பாதி டம்ளர் உள்ளே போவதற்குள் அப்பா கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டிவிடுவார். தண்ணீர், தலையணை, விசிறி. ஒன்றும் இல்லையென்றால் நான் இருக்கிறேனா என்று பார்க்கத் தட்டுவார்.

ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறேன். தெருமுனையிலேயே ஸ்பூன் சத்தம் கேட்பதுபோல இருக்கிறது.

உன் அக்கா

செப்டம்பர் 11

அக்காவுக்கு,

பாவம், நீ அலைகிறாயே என்று நானே காப்பகத்துக்கு நேரடியாக விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது. பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு இரண்டின் நகல்களும் பிப்ரவரியிலேயே உங்கள் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டுவிட்டன என்று எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள்.

பிறந்தது நம் வீடு, இறந்ததும் நம் வீடு. தொழில், கப்பலுக்குப் பாய் தைப்பது. எந்தக் கப்பலிலும் ஏறியவரில்லை. முதல் நாளே இது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை மாதம் வடக்கு, அலமாரி என்று என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய். மாமனார் முன்னால் என் மூக்கு அறுபட்டதுதான் மிச்சம்.

தேடல் முடிந்தது. நர்ஸ் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம், முதல் நாளே கிடைத்துவிட்டார். பெரிதாக எதுவும் தேடக்கூட இல்லை. நம் தெருவின் பெயரை இரண்டு முறை விரல் வைத்துப் படித்தேன். கடல் தாண்டியதாக நாம் பீற்றிக்கொண்ட மனிதர்கூட இந்த வாசலைத் தாண்டவில்லை. அதை உனக்கு எழுதினால் அடுத்த வியாழன் போய்விடும். அதனால் எழுதவில்லை.

வாரம் ஒரு நாள் எனக்கு ஆள் வை என்று போன வருஷம் உன்னிடம் கேட்டேன். "பார்க்கலாம்க்கா" என்றாய். செத்துப்போனவரைத் தேட வேண்டும் என்றதும் மறுவாரமே ஆள் வந்துவிட்டது.

அப்பா மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ஸ்பூன் சத்தம் கேட்டும் கேட்காதவள்போல அடுப்படியிலேயே நின்றுவிடுகிறேன். இப்படி ஆகிவிட்டேனே என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்காக நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை விட்டபோது ஆறு மாதம் சமாளி என்றாய். எந்த ஆறு மாதம் என்று நீ சொல்லவில்லை. அவரை விட்டுவிட்டு நான் எங்கும் போகமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறாய்.

ஒரு மாதம் வா. அப்பாவை நீ பார்த்துக்கொள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அக்கா

அக்டோபர் 14

என் அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஒரு மடையன். மன்னித்துவிடு.

இந்த வருஷம் லீவுக்கு வழியே இல்லை. மகளுக்குப் பரீட்சை, அலுவலகத்தில் ஆள் குறைப்புப் பேச்சு வேறு. ஆனால் நர்ஸம்மாவை மறுபடி வரச் சொல்லிவிட்டேன். இனி நீ அம்மா வழியைத் தேடு. அம்மாவின் தாத்தா யார், எங்கிருந்து வந்தார் என்று நமக்கு ஒன்றுமே தெரியாதே. நிதானமாகத் தேடு, யாரும் உன்னை அவசரப்படுத்தமாட்டார்கள். பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

என்றும் உன் தம்பி

அக்டோபர் 31

தம்பிக்கு,

நர்ஸம்மா நேற்று வந்தார். பஸ் ஏறினேன், ஆனால் காப்பகத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "எங்கம்மா போகணும்?" என்று கண்டக்டர் கேட்டார். சொல்ல ஒரு இடமும் வரவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பத்து வருஷம் என்று எழுதியிருந்தாய். வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது எனக்கு அறுபத்தொன்று.

வியாழக்கிழமைகளை நான் விடப்போவதில்லை. ஆனால் யாரையும் தேடமாட்டேன், உனக்கும் இனி எழுதமாட்டேன். நீ எழுதும் கடிதங்களை நர்ஸம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவார். எப்போது வருகிறாய் என்று அப்பா கேட்பார். அவருக்கே பதில் எழுதிக்கொள்.

அக்கா