ஊற்றில் இறங்கிய கடப்பாரை

சார்,

சந்தையில் வெல்லம் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளில் உங்கள் படம் இருந்தது. கண்ணீர் அஞ்சலி. 'மலை மக்களுக்குத் தண்ணீர் தந்த பேராசிரியர்' என்று உங்கள் மாணவர்கள் போட்டிருந்தார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். சிரிப்புதான் வந்தது.

போன வருடம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஏழு மாணவர்களோடு மலையேறி எங்கள் ஊருக்கு வந்தீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு சவாலைக் கொடுத்தால் பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்றீர்கள். எங்கள் ஊற்றுதான் அந்தச் சவால். ஐந்து நாளில் தொட்டி கட்டித் தண்ணீரைத் தேக்கினால் மதிப்பெண். எங்கள் தாகம் உங்களுக்குப் பரீட்சை.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே மறியல். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சிமெண்ட் லாரி சின்னசேலத்தைத் தாண்டவில்லை. நான்காம் நாள் சவாலையே மாற்றினீர்கள்: கட்ட முடியாவிட்டால் தோண்டுங்கள்.

ஊற்றில் இரும்பு படக் கூடாது. சேற்றைக்கூடக் கையால்தான் அள்ளுவோம். அடிப்பாறை வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டில் சாப்பிட்ட விருந்தாளியிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"ரெண்டடி எறக்கிடலாம், இன்னா சொல்றீங்க?" என்றீர்கள், சாமைச் சோற்றைப் பிசைந்தபடி.

"சாரு சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார் அப்பா.

"ஊரே சரிங்க சரிங்கன்னுதுடா! நம்ம கிளாஸ்ல எவன்டா இப்படிக் கேக்கறான்?" என்று ஒரு மாணவர் சிரித்தார்.

கதவோரம் நின்ற என்னைப் பார்த்தீர்கள். "நீ சொல்லும்மா, நீ இன்னா நெனைக்கிற?"

என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள். சொல் வாய்வரை வந்தது. நான் நிமிர்வதற்குள் கை கழுவ எழுந்துவிட்டீர்கள்.

கடப்பாரை இறங்கியதும் தண்ணீர் பொங்கியது. மாணவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தீர்கள். மறியல் விலகியதும் இறங்கிப் போனீர்கள். நீங்கள் போன மூன்றாம் நாள் குழியில் வெறும் ஈரமண். திரும்பி வந்து பார்ப்பது உங்கள் சவாலில் இல்லை. இப்போது தண்ணீருக்குப் பள்ளத்து ஓடைவரை நடக்கிறோம்.

உங்களை இகழும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்ற என்னையும் சேர்த்தே இகழ்கிறேன்.

போன வாரம் வேறொரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். ஓடை மடுவைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், "அந்த மடுவ ஆழமாக்கிடலாமாங்க?" என்றார் அவர்களின் ஆசிரியர். அப்பா 'சரிங்க' என்று வாயெடுத்தார். நான் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தேன்.

"வேணாங்க," என்றேன்.

அம்மா தோளில் கிள்ளினாள். "சோறு துன்னுக்கினு இருக்கறவங்ககிட்ட இன்னாடி பேச்சு?"

"இரும்பு வெக்காதீங்க," என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

வாசலில் நின்ற மாணவர் கடப்பாரையை மூலையில் சாய்த்தார்; ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். அம்மா கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது. சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.