தரைத்தளத்தில் இருந்திருக்க வேண்டிய காப்பகம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் நல்ல சேதி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே போதும்.

காப்பகம் என்ன ஆச்சு என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான். நம் பழைய குடியிருப்பை இடித்து, வீடில்லாதவர்களுக்கும் சேர்த்து அரசாங்கம் கட்டுகிற கட்டடத்தில் தரைத்தளம் முழுக்கப் பிள்ளைகள் காப்பகம் என்றுதானே முடிவானது. அந்த இன்ஜினியர் பெண், உன் வயசுதான் இருக்கும், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தகரக் கொட்டகைக்கே வந்து என்னோடு தரையில் உட்கார்ந்து வரைந்தாள். தவழுகிற பிள்ளைக்கும் வெளியே தெரியணும், ஜன்னலைத் தாழ்வாக வை என்றேன், வைத்தாள். மாடிச் சமையலறை எல்லாம் முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும், அடுப்படியில் நிற்கிறவளுக்குப் பிள்ளை கண்ணில் படும் என்றேன், அதையும் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை போ.

சுவர் எழும்பின பிறகு அதிகாரி வந்து கூட்டம் போட்டார். காப்பகத்தை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் இன்னும் எட்டு வீடு வரும், உங்க இஷ்டம், சம்மதம்னா கையைத் தூக்குங்க என்றார். முதலில் தூக்கினது யார் தெரியுமா, உன் தம்பி. பக்கத்தில் அவன் பெண்டாட்டி, வயிற்றுப்பிள்ளைக்காரி, குனிந்த தலை நிமிராமல் இருந்துவிட்டுக் கடைசியில் அவளும் தூக்கினாள். வெளியே வந்ததும் ஏன்டா இப்படிப் பண்ணினே என்றேன். அம்மா, இன்னும் எத்தனை நாள் ஒண்டுக்குடித்தனம், பொறக்கப்போற பிள்ளைய எங்க போடுறது என்றான். கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டான்.

தம்பிக்கு வீடு கிடைத்துவிட்டது, அதே தரைத்தளத்தில். போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறான் என்று அந்தத் தாழ்ந்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறான். பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, என் மடியில் வளர்ந்த அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். என்கிட்ட விடும்மா என்றேன். வீட்டில் காப்பகம் நடத்தினால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், வேண்டாம்மா என்று உன் தம்பி என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னது ஆயா ஆயா என்று கூப்பிடுகிறது. என் குரல் கேட்டால் இன்னும் அழும் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு வேலை பார்க்காதே. தம்பியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, பாவம், அவனும் சுவர்ப் பக்கம் திரும்பாமல்தான் சாப்பிடுகிறான். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்கணும். அங்கே வந்து இரு என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் என் பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்றேன் இல்லையா, தம்பி வீட்டுப் பிரசவம் முடிந்ததும் இன்னொரு தடவை கூப்பிடு.

உன் அம்மா